குரல் தப்பியது, ஊர் தப்பவில்லை

வானொலிக்கோ மேடைக்கோ குரல் பயிற்சி எடுக்க வருகிறவர்கள் யாராக இருந்தாலும், முதல் வாரத்திலேயே ஒரு கதையைக் கேட்டுவிடுவார்கள். பழங்கால ஏதென்ஸ் நகரில் ஒருவர் இருந்தார். பேசினால் நாக்கு தடுக்கும், 'ர' சரியாக வராது, மூச்சு நீளாது. வாயில் கூழாங்கற்களைப் போட்டுக்கொண்டு பேசிப் பழகினார். கடற்கரையில் நின்று அலைச் சத்தத்தை மிஞ்சும்படி கத்திப் பார்த்தார். பெரிய கண்ணாடியின் முன் நின்று கையசைவைச் சரிசெய்துகொண்டார். கடைசியில் கிரேக்க உலகின் தலைசிறந்த பேச்சாளர் ஆனார். அவர் பெயர் டெமோஸ்தனிஸ்.

அவருக்கு ஏறத்தாழ 400 ஆண்டுகள் கழித்து வாழ்ந்த புளூட்டார்க் எழுதிவைத்த கதை இது. ஊடகத் துறையில் பட்டப்படிப்பு படித்தபோது நானும் கேட்டேன். இன்று அறிவிப்பாளர் வேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கு நானே சொல்கிறேன். விடாமுயற்சிக்கு நல்ல எடுத்துக்காட்டு என்று முடித்தால் எல்லாருக்கும் பிடித்துப்போகும்.

அப்படிப் பாடுபட்டுப் பக்குவப்படுத்திய குரல் எதற்காகப் பேசியது என்று யாரும் கேட்பதில்லை. அவருடைய புகழ்பெற்ற உரைகளில் மூன்று, ஒரே ஒரு ஊரைக் காப்பாற்றச் சொல்லி ஏதென்ஸ் மக்களிடம் பேசியவை. அந்த ஊரின் பெயர் ஒலிந்தஸ். மூன்று உரைகளும் இன்றும் முழுமையாக நம் கையில் இருக்கின்றன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பேச்சுக்கலை படிப்பவர்கள் அவற்றைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். ஊரோ, அவர் பேசிய அடுத்த ஆண்டே, கி.மு. 348இல், அழிக்கப்பட்டது. மக்கள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள்.

குரலை வைத்தே பிழைக்கும் என்னைப் போன்ற ஒருத்திக்கு இந்தக் கதை சும்மா விடாது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே செய்தி வாசிக்கிறேன். எங்கோ ஒரு நகரம் முற்றுகையில் இருக்கிறது என்கிறேன். அடுத்த வாரம் அது வீழ்ந்தது என்கிறேன். பிறகு வானிலை, சாலை நெரிசல். ஒலிந்தஸ் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்ததே, சொல்வதனால் என்ன ஆகிறது என்ற கேள்வியோடுதான்.

பாதுகாப்பு தேடி வந்தவர்களின் ஊர்

கிரீஸ் நாட்டின் வடக்கே, ஏஜியன் கடலுக்குள் மூன்று விரல்களை நீட்டியதுபோல் ஒரு தீபகற்பம் இருக்கிறது. கால்கிடிகி என்று பெயர். அங்கே கடலிலிருந்து இரண்டரைக் கிலோமீட்டர் உள்ளே, மேடான இரண்டு குன்றுகளின்மேல் ஒலிந்தஸ் இருந்தது.

அந்த ஊர் போரில் அழிந்தது கி.மு. 348இல் முதல் தடவையும் அல்ல. கி.மு. 480இல் சலாமிஸ் கடற்போரில் கிரேக்கர்களிடம் தோற்ற பாரசீக மன்னன் செர்க்சஸ் ஆசியாவுக்குத் திரும்பினான். அவனுக்குக் காவலாகப் போய்விட்டு வந்த தளபதி அர்த்தபாசஸ், ஒலிந்தஸ் மக்கள் கலகம் செய்யப் பார்க்கிறார்கள் என்று சந்தேகப்பட்டு ஊரை முற்றுகையிட்டான். ஊர் விழுந்ததும் மக்களை ஓர் ஏரிக்கரைக்குக் கொண்டுபோய்க் கழுத்தறுத்துக் கொன்றான் என்று ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். ஆளில்லாத ஊரை அக்கம்பக்கத்துக் கால்கிடிகி மக்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போனான்.

அடுத்து கி.மு. 432. ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் பெரும்போர் மூளப்போகும் நேரம். ஏதென்ஸின் பலம் கடற்படை. கடலோரச் சிற்றூர்களில் இருந்தால் அடி நிச்சயம். எனவே அங்கே குடியிருப்பவர்கள் தங்கள் ஊர்களை இடித்துவிட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஒலிந்தஸுக்குக் குடிபெயர்வது நல்லது என்று ஒரு மன்னன் யோசனை சொன்னான். அவர்களும் அப்படியே செய்தார்கள். யோசனை சொன்னவன் பெர்டிக்காஸ், பக்கத்து நாடான மாசிடோனியாவின் அரசன். பின்னாளில் இந்த ஊரை அழித்த பிலிப் மன்னனும் அதே அரச வம்சத்தில் வந்தவன்தான்.

சொந்த வீட்டைத் தாங்களே இடித்துவிட்டு, பாதுகாப்பை நம்பி வந்தவர்கள் கட்டிய புது ஊர் அது. வடக்குக் குன்றின் தட்டையான உச்சியில் கோடு போட்டதுபோல் தெருக்களை அமைத்தார்கள். வடக்கு தெற்காக அகலச் சாலைகள், கிழக்கு மேற்காகத் தெருக்கள், நடுவே சமமான வீட்டுத் தொகுதிகள்.

நமக்குத் தெரிந்த வீடுகள்

ஒலிந்தஸின் வீடுகளைப் பற்றி இவ்வளவு தெரிந்ததற்குக் காரணம், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் ராபின்சன் நடத்திய அகழாய்வு. 1928, 1931, 1934, 1938 என நான்கு பருவங்களாக நடந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் மண்ணுக்கு வெளியே வந்தன. கோயில், அரண்மனை என்று தேடும் காலத்தில், சாதாரண மக்களின் வீடுகளை இத்தனை எண்ணிக்கையில் ஒரே இடத்தில் தோண்டி எடுத்தது பெரிய விஷயம். கண்டெடுத்தவற்றை 14 தொகுதிகளாக அச்சிட்டார்கள்.

ஒரு தொகுதியில் பத்து வீடுகள். ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை. பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் பொதுச்சுவர். இரண்டு வரிசைக்கும் நடுவே குறுகலான பின்சந்து. மழைநீரும் கழிவுநீரும் ஓட அந்தச் சந்து. தொகுதியின் நீளம் ஏறத்தாழ 86 மீட்டர், அகலம் 35 மீட்டர். இந்த வரைபடத்தை முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நான் வளர்ந்த தாமானின் வரிசை வீடுகளை மேலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். பின்சந்தில் நின்று அம்மாக்கள் கதை பேசியிருக்க மாட்டார்களா என்றுகூட யோசித்தேன்.

ஒவ்வொரு வீடும் பக்கத்துக்கு 17 மீட்டர் அளவில் சதுரமாக இருக்கும். கல் அடித்தளம், மேலே பச்சைச் செங்கல் சுவர், ஓட்டுக் கூரை. தெற்கே திறந்த முற்றம். முற்றத்துக்கு வடக்கே நீளமான தாழ்வாரம், அதற்குப் பின்னால் அறைகள். குளிர்காலத்தில் சாய்ந்து விழும் வெயில் முற்றத்தைத் தாண்டித் தாழ்வாரத்துக்குள் வரவேண்டும் என்பதற்காக அந்த அமைப்பு. சில வீடுகளில் சமையலறையை ஒட்டிக் குளியலறை. அதில் உட்கார்ந்து குளிக்கும் சுடுமண் தொட்டி. அடுப்புச் சூடு குளியலறைக்கும் கிடைத்திருக்கும்.

விருந்தினர் அறைதான் வீட்டின் பெருமை. நல்ல வசதி உள்ளவர்கள் அங்கே கறுப்பு, வெள்ளைக் கூழாங்கற்களைப் பதித்துச் சித்திரத் தரை போட்டார்கள். கிரேக்க உலகில் கிடைத்த பழைமையான சித்திரத் தரைகளில் இவையும் அடங்கும். பறக்கும் குதிரையில் ஏறி அரக்க மிருகத்தைக் குத்தும் வீரன் ஒரு வீட்டில். சிறுத்தைகள் இழுக்கும் தேரில் வரும் மதுக் கடவுள் டயனைசஸ் இன்னொரு வீட்டில். அந்த இரண்டாவது வீட்டின் தரையில் நல்வாய்ப்பை வாழ்த்தும் சொற்களும் கூழாங்கற்களால் எழுதப்பட்டிருக்கின்றன. நம் வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம் கட்டுவதுபோல, நல்லதே வரட்டும் என்று எழுதிவைத்த வீடு அது. ஆய்வாளர்கள் அதற்கு 'நல்வாய்ப்பு இல்லம்' என்றே பெயர் வைத்தார்கள்.

அறை அறையாகப் பொருள்கள் கிடைத்தன. தறிநூலை இறுக்கிப் பிடிக்கக் கட்டித் தொங்கவிடும் சுடுமண் எடைகள் குவியல் குவியலாகக் கிடைத்த இடங்களில், அங்கே தறி நின்றது என்று சொல்ல முடிந்தது. மாவரைக்கும் கற்கள் கிடைத்தன. வீடு வாங்கி விற்ற விவரத்தைப் பொறித்த கல்வெட்டுகள்கூடக் கிடைத்தன.

பிலிப்பின் நட்பு

இப்படிக் கூடிவந்த ஊர் நன்றாக வளர்ந்தது. கால்கிடிகி நகரங்களின் கூட்டணிக்குத் தலைமை ஏற்றது. அந்த வளர்ச்சி பிடிக்காமல் ஸ்பார்ட்டா படையெடுத்து, கி.மு. 379இல் பணியவைத்தது. அதிலிருந்தும் ஒலிந்தஸ் மீண்டது.

கி.மு. 359இல் மாசிடோனியாவின் ஆட்சி இரண்டாம் பிலிப்பின் கைக்கு வந்தது. பிற்காலத்தில் உலகை வென்றவன் என்று பெயரெடுத்த அலெக்சாண்டரின் தந்தை. ஆரம்பத்தில் பிலிப்புக்கு ஒலிந்தஸின் நட்பு தேவைப்பட்டது. டெல்பி கோயிலில் குறி கேட்டு, இரு தரப்பும் உடன்படிக்கை செய்துகொண்டன. அந்த உடன்படிக்கையின் கல்வெட்டு ஒலிந்தஸ் அருகிலேயே கிடைத்திருக்கிறது. கி.மு. 356இல் பக்கத்து நகரமான பொட்டிடயாவைப் பிடித்த பிலிப், அதை ஒலிந்தஸுக்கே அன்பளிப்பாகக் கொடுத்தான்.

கொடுப்பவன் கை ஓங்கிக்கொண்டே போனதை ஒலிந்தஸ்காரர்கள் கவனிக்காமல் இல்லை. சுற்றிலும் ஒவ்வொரு நகரமாக அவன் வசமானது. பயந்துபோய், பழைய பகையை மறந்து ஏதென்ஸோடு சமாதானம் செய்துகொண்டார்கள். பிலிப்பின் மாற்றாந்தாய் மக்கள் இருவர் அவனிடமிருந்து தப்பி ஒலிந்தஸில் தஞ்சம் புகுந்திருந்தார்கள். அவர்களை ஒப்படைக்கச் சொன்னான். ஊர் மறுத்தது. கி.மு. 349இல் போர் தொடங்கியது.

மூன்று உரைகள், மூன்று படைகள்

ஒலிந்தஸின் தூதர்கள் ஏதென்ஸுக்கு உதவி கேட்டு ஓடினார்கள். அப்போதுதான் டெமோஸ்தனிஸ் மக்கள் சபையில் எழுந்தார். அந்த மூன்று உரைகளையும் படித்தால், கண்ணீரை வரவழைக்கும் பேச்சு என்று நினைத்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். அவர் கணக்குப் பேசுகிறார். இரண்டு படை வேண்டும்: ஒன்று ஒலிந்தஸைக் காக்க, மற்றொன்று பிலிப்பின் சொந்த நாட்டைத் தாக்க. கூலிப்படையை அனுப்பிவிட்டு வீட்டில் உட்காராதீர்கள், நீங்களே புறப்படுங்கள் என்கிறார். இன்று அங்கே போய்ச் சண்டை போடாவிட்டால் நாளை அவன் இங்கே வருவான் என்கிறார்.

பணத்துக்கும் வழி சொன்னார். அந்த இடம்தான் சிக்கல். ஏதென்ஸில் திருவிழாக் காலத்தில் குடிமக்கள் நாடகம் பார்க்கப் பணம் கொடுக்கும் பொதுநிதி ஒன்று இருந்தது. அதைத் தொட்டால் மக்களுக்குக் கோபம் வரும். மாற்றச் சொல்வது சட்டப்படியும் ஆபத்து. அந்த நிதியைப் போருக்குத் திருப்ப வேண்டும் என்பதை டெமோஸ்தனிஸ் சுற்றி வளைத்து, அந்தச் சட்டத்தை நீக்க வழி செய்யுங்கள் என்று கேட்டார். நிதி அப்போது மாறவில்லை. நாடகப் பணம் நாடகத்துக்கே போனது.

ஏதென்ஸ் ஒன்றும் செய்யாமல் இருந்துவிடவில்லை. முதலில் காரெஸ் தலைமையில் 30 கப்பல்கள், 2,000 கூலி வீரர்கள். போதவில்லை. அடுத்து காரிடெமஸ் தலைமையில் 18 கப்பல்கள், 4,000 கூலி வீரர்கள், 150 குதிரை வீரர்கள். அதுவும் போதவில்லை. இடையில் யூபியா தீவில் வேறொரு சண்டை மூண்டு ஏதென்ஸின் கவனம் சிதறியது. மறுபடி தூதர்கள் வந்து, கூலி வீரர்கள் வேண்டாம், உங்கள் குடிமக்களையே அனுப்புங்கள் என்று கேட்டார்கள். மூன்றாவதாக 17 கப்பல்கள், 2,000 குடிமக்கள் படை, 300 குதிரை வீரர்கள் புறப்பட்டார்கள். முதல் உரையிலேயே டெமோஸ்தனிஸ் கேட்டது இதைத்தான். அவர்கள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

உள்ளிருந்து திறந்த வழி

சுவரை மோதிப் பார்த்து பிலிப் நிறைய வீரர்களை இழந்தான். பிறகு பணத்தை உள்ளே அனுப்பினான். ஒலிந்தஸின் குதிரைப்படைத் தலைவர்கள் லாஸ்தெனிஸ், யூத்திகிரட்டிஸ் இருவரும் 500 குதிரை வீரர்களோடு காட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று டெமோஸ்தனிஸ் பின்னாளில் சொன்னார். லஞ்சம் எப்படி வந்தது என்பதற்கும் அடையாளம் சொன்னார். ஒருவர் வீட்டுக்கு மாசிடோனிய மரத்தில் புதுக் கூரை. இன்னொருவரிடம் காசு கொடுக்காமல் வந்த மாட்டு மந்தை. ஊர் பார்த்துக்கொண்டிருந்தது, யாரும் அவர்கள்மேல் கோபப்படவில்லை, பொறாமைப்பட்டார்கள் என்றார்.

அந்த லாஸ்தெனிஸ் பிறகு பிலிப்பிடம் போய், உங்கள் ஆட்கள் எங்களைத் துரோகிகள் என்று அழைக்கிறார்கள் என முறையிட்டானாம். மாசிடோனியர்கள் நாகரிகம் தெரியாதவர்கள், தொட்டியைத் தொட்டி என்றுதான் சொல்வார்கள் என்று பிலிப் பதில் சொன்னதாகப் புளூட்டார்க் எழுதியிருக்கிறார்.

தெருக்களிலும் வீடுகளுக்குள்ளும் கிடைத்த ஆயுதங்கள் மீதிக் கதையைச் சொல்கின்றன. அம்புமுனைகள், கவணில் வைத்துச் சுழற்றி எறியும் ஈயக் குண்டுகள். பாதாம் கொட்டை வடிவம், உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. நூற்றுக்கணக்கில் கிடைத்தன. அச்சில் வார்க்கும்போதே எழுத்துகளும் சேர்ந்து வரும்படி செய்திருக்கிறார்கள். சிலவற்றில் பிலிப்பின் பெயர். சிலவற்றில் அவனுடைய தளபதிகளின் பெயர். ஒன்றில், மோசமான அன்பளிப்பு என்று பொருள்படும் இரண்டு சொற்கள். யாரோ ஒருவர் உலை முன் உட்கார்ந்து, எவர் வீட்டு முற்றத்திலோ விழப்போகும் குண்டுக்கு நகைச்சுவை எழுதியிருக்கிறார். தரைக்கு அடியில் ஒளித்துவைத்த காசுப் புதையல்களும் கிடைத்திருக்கின்றன. வைத்தவர்கள் திரும்பி வந்து எடுக்கவில்லை.

விருந்தில் ஒரு நடிகர்

வெற்றியைக் கொண்டாட பிலிப் மாசிடோனியாவின் டியோன் நகரில் பெரிய திருவிழா எடுத்தான். கலைஞர்கள் எல்லாம் வந்து குவிந்தார்கள். விருந்தில் ஒவ்வொருவரும் ஏதேனும் பரிசு கேட்க, மன்னன் கொடுத்துக்கொண்டிருந்தான். சாட்டிரஸ் என்ற நகைச்சுவை நடிகர் மட்டும் பேசாமல் இருந்தார். நீ மட்டும் ஏன் எதுவும் கேட்கவில்லை என்று பிலிப் விசாரித்தான்.

நான் கேட்க நினைப்பது உங்களுக்கு மிகச் சுலபம், ஆனால் கிடைக்காமல் போகுமோ என்று பயமாக இருக்கிறது என்றார் சாட்டிரஸ். கேள், தருகிறேன் என்றான் மன்னன். அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார். பிட்னா நகரைச் சேர்ந்த அப்போலோபனிஸ் என்பவர் அவருடைய நண்பர். அவர் கொல்லப்பட்டபோது, சிறுமிகளாக இருந்த மகள்களை உறவினர்கள் பத்திரமாக இருக்கட்டும் என்று ஒலிந்தஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இப்போது அந்த இருவரும் திருமண வயதில், கைதிகளாக உங்கள் வசம் இருக்கிறார்கள். அவர்களைக் கொடுங்கள். எனக்கு அதில் ஒரு காசு லாபம் வேண்டாம். நானே சீர் செய்து திருமணம் செய்துவைப்பேன் என்றார்.

விருந்தே கைதட்டி ஆரவாரித்தது. அந்த அப்போலோபனிஸ், பிலிப்பின் அண்ணனைக் கொன்றவர்களில் ஒருவர். இருந்தும் பிலிப்பால் மறுக்க முடியவில்லை. இரண்டு பெண்களும் விடுதலையானார்கள்.

இந்தக் கதையை ஏதென்ஸ் நீதிமன்றத்தில் சொன்னவரும் டெமோஸ்தனிஸ்தான். அதே வழக்கில் இன்னொன்றும் சொன்னார். தம்முடைய எதிராளியான ஈஸ்கினிஸ் ஒருமுறை வழியில், பெண்களும் குழந்தைகளுமாக ஏறத்தாழ முப்பது பேரை ஒருவன் நடத்திக்கொண்டு போவதைப் பார்த்தாராம். யார் இவர்கள் என்று கேட்டதற்கு, பிலிப்பிடமிருந்து அன்பளிப்பாகக் கிடைத்த ஒலிந்தஸ் கைதிகள் என்று பதில் வந்ததாம். ஈஸ்கினிஸ் அப்போது அழுதுவிட்டாராம். அந்த முப்பது பேரின் பெயர் யாருக்கும் தெரியாது.

இங்கே ஏதென்ஸைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஒலிந்தஸுக்காக இரக்கப்படச் சொல்லிக் கேட்கப்பட்ட அதே ஏதென்ஸ், கி.மு. 421இல் அதே கால்கிடிகியில் இருந்த ஸ்கியோனி என்ற ஊரைப் பிடித்து, ஆண்களைக் கொன்று பெண்களையும் குழந்தைகளையும் அடிமையாக்கியது. அடுத்து மீலோஸ் தீவிலும் அதையே செய்தது. அந்தக் காலத்துப் போரில் தோற்ற ஊருக்கு இதுதான் நடக்கும் என்பது சபையில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். தெரிந்துதான் மெதுவாக முடிவெடுத்தார்கள்.

ஊருக்காகப் பேசிய இன்னொருவர்

பிலிப் அந்தப் போரில் அழித்த ஊர்களில் ஸ்டகீராவும் ஒன்று. தத்துவஞானி அரிஸ்டாட்டில் பிறந்த ஊர். சில ஆண்டுகளில் பிலிப் தன் மகன் அலெக்சாண்டருக்குப் பாடம் சொல்ல அரிஸ்டாட்டிலை அழைத்தான். அதற்குக் கைம்மாறாக ஸ்டகீராவை மீண்டும் கட்டி, அடிமையாயிருந்தவர்களையும் ஊரைவிட்டு ஓடியவர்களையும் குடியேற்றினான் என்று புளூட்டார்க் சொல்கிறார். ஓர் ஊரே குருதட்சிணை.

ஒலிந்தஸிலும் அப்படி ஒருவர் இருந்தார். கல்லிஸ்தெனிஸ், அரிஸ்டாட்டிலின் உறவினர், வரலாற்று ஆசிரியர். அலெக்சாண்டர் ஆசியாவின்மேல் படையெடுத்தபோது, அவனுடைய வெற்றிகளை எழுதுவதற்காகக் கூடவே போனார். தன் ஊரை அழித்தவனின் மகனுக்குப் புகழ் எழுதும் வேலை. அவர் போனதன் நோக்கமே, அலெக்சாண்டரிடம் பேசி ஒலிந்தஸை மீண்டும் குடியேற்ற வைப்பதுதான் என்ற பேச்சு இருந்தது.

நடக்கவில்லை. தன் முன் விழுந்து வணங்க வேண்டும் என்று அலெக்சாண்டர் எதிர்பார்த்தபோது கல்லிஸ்தெனிஸ் மறுத்துப் பேசினார். கி.மு. 327இல் அரசனுக்கு எதிரான சதியில் பங்கு உண்டு என்று குற்றம் சாட்டப்பட்டுப் பிடிபட்டார். உயிரோடு திரும்பவில்லை.

மண்ணுக்குள் மிஞ்சியவை

பிலிப் வடக்கில் அழித்த நகரங்களைப் பற்றி டெமோஸ்தனிஸ் பிறகு ஒருமுறை பேசினார். அங்கே போகிறவர்களால், அந்த இடத்தில் முன்பு யாராவது குடியிருந்தார்களா என்றே சொல்ல முடியாது என்றார். அவ்வளவு முற்றிலும் அழித்தான் என்பதற்காகச் சொன்ன பேச்சாளரின் மிகை. ஏறத்தாழ 2,275 ஆண்டுகள் கழித்து மண்ணைத் தோண்டியவர்களால் யார் எங்கே குடியிருந்தார்கள் என்று மட்டுமா சொல்ல முடிந்தது? எந்த அறையில் நெய்தார்கள், எங்கே குளித்தார்கள், எந்த மூலையில் மாவரைத்தார்கள் என்பதுவரை சொல்ல முடிந்தது. கொள்ளை போனது போக மீதி வீட்டுப் பொருள்கள் இருந்த இடத்திலேயே கிடந்ததால், பழங்கால கிரேக்கர்களின் குடும்ப வாழ்க்கையைப் படிக்க விரும்புகிறவர்கள் இன்றும் முதலில் போகும் இடம் ஒலிந்தஸ்தான்.

அகழாய்வு நடந்த காலத்தில் அந்தக் கால்கிடிகி வட்டாரமே அகதிகளால் நிறைந்திருந்தது. 1923இல் கிரீஸும் துருக்கியும் செய்துகொண்ட மக்கள் பரிமாற்ற உடன்படிக்கையின்படி, தலைமுறை தலைமுறையாகத் துருக்கி மண்ணில் வாழ்ந்த கிரேக்கக் குடும்பங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு வந்து அங்கே புதிய ஊர்களை அமைத்திருந்தன. வீட்டை இழப்பது என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை.

நான் தேடிப் போன கேள்விக்கு இதிலிருந்து எனக்கு எட்டிய பதில் சிறியது. டெமோஸ்தனிஸ் எத்தனை கப்பல், எவ்வளவு பணம், எந்த நிதியிலிருந்து என்று கேட்டார். கேட்டவர்கள் பேச்சை ரசித்தார்கள், முடிவைத் தள்ளிப்போட்டார்கள். சாட்டிரஸ் ஓர் ஊரைக் கேட்கவில்லை. இரண்டு பேரைக் கேட்டார், கொடுக்கக்கூடியவனிடம் கேட்டார், அந்த நேரத்தில் கேட்டார். இப்போது போரைப் பற்றிய செய்தியை வாசித்து முடித்தபின், அங்கே இருக்கும் குடும்பங்களுக்கு நம் நாட்டிலிருந்து எந்த வழியில் உதவி போகிறது, எந்தத் தேதிக்குள் கொடுக்கலாம் என்ற விவரம் இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்கிறேன். முப்பது வினாடிகூட ஆகாது. அதைக் கேட்டுவிட்டு இரண்டு பேர் எண்ணைக் குறித்துக்கொண்டாலும் அது இரண்டு பேர்தான்.

ஒலிந்தஸ் மீண்டும் பழைய ஊராகவில்லை. ஆனால் மக்கள் எல்லாரும் அழிந்துவிடவும் இல்லை. கி.மு. 316இல், ஊர் விழுந்து 32 ஆண்டுகள் கழித்து, கசாந்தர் என்ற மாசிடோனிய ஆட்சியாளன் அருகிலேயே கசாந்திரியா என்ற புதிய நகரத்தைக் கட்டினான். உயிர் பிழைத்திருந்த ஒலிந்தஸ் மக்களை அங்கே குடியேற்றினான், அவர்கள் கணிசமான பேர் இருந்தார்கள் என்று டயோடோரஸ் என்ற வரலாற்று ஆசிரியர் குறித்துவைத்திருக்கிறார். கைதியாகும்போது பத்து வயதாயிருந்த பிள்ளைக்கு அப்போது 42 வயது. இத்தனை காலமும் தங்களை ஒலிந்தஸ்காரர்கள் என்றே சொல்லிக்கொண்டிருந்ததால்தானே அவர்களை அந்தப் பெயரில் அழைத்துக் குடியேற்ற முடிந்தது.

வீடுகளில் கிடைத்த மாவரைக்கும் கல்லைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? நம் திரிகைபோல் அது சுற்றாது. மேற்கல்லின் நடுவே தானியம் கொட்டப் பள்ளம் இருக்கும். நீளமான பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளி இழுத்து அரைக்க வேண்டும். பிற்பாடு அந்த வகைக் கல் மத்தியதரைக் கடலோரத்தில் எத்தனையோ ஊர்களில் கிடைத்தது. எங்கே கிடைத்தாலும் ஆய்வாளர்கள் அதை 'ஒலிந்தஸ் திரிகை' என்றே எழுதுகிறார்கள்.